சுவர் இருந்தால்தான் சித்திரம்

(குடியாத்தத்தில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, என்னோடு ஒரே பள்ளியில் இருபது வருடம் பாடம் எடுத்த தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, நூலகர் தம்பி, ஒலிபெருக்கிக்கு வாடகை வேண்டாம் என்று சொன்ன அன்பர், முறத்தை மூலையில் வைத்துவிட்டு வந்திருக்கும் பீடித் தொழிலாளித் தாய்மார்கள், எல்லோருக்கும் வணக்கம்.

'குடலைக் காக்கும் புரதங்கள்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். மூன்று புரதங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். நம் இரைப்பைக்கும் குடலுக்கும் உள்பக்கம் ஒரு சுவர் உண்டு. செங்கல் போல ஒரே வரிசையாகச் செல்கள், அவ்வளவுதான் கனம். ஒரு பக்கம் சோறு, அமிலம், கோடானுகோடி கிருமிகள். மறுபக்கம் ரத்தம். குடலில் அந்தச் செல்கள் நான்கைந்து நாளில் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன.

முதல் புரதம் மியூசின். வெண்டைக்காய் நறுக்கும்போது விரலில் ஒட்டுகிற கொழகொழப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மியூசின் தன்மேல் சர்க்கரைச் சங்கிலிகளைச் சுமந்துகொண்டு தண்ணீரைப் பிடித்துவைக்கும். அந்தச் சளிப் படலத்தில்தான் அமிலமும் கிருமியும் தடைபட்டு நிற்கின்றன. பெருங்குடலில் அது இரண்டு அடுக்கு. செல்லை ஒட்டிய உள் அடுக்குக்குள் கிருமிகள் பெரும்பாலும் நுழைவதில்லை.

இரண்டாவது, செல்லுக்கும் செல்லுக்கும் இடையே உள்ள இடுக்கை அடைக்கும் கிளாடின். 1998-ல் ஜப்பானில் ஷோய்ச்சிரோ ட்சுகிட்டா குழுவினர் கண்டுபிடித்தார்கள். மூடுவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். இந்தப் பூட்டு தளர்ந்தால், ரத்தத்துக்குள் போகக் கூடாதது போகும்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு என்றால், என் சித்தி கதையைச் சொல்ல வேண்டும்.

சித்தி முப்பது வருடம் பீடி சுற்றினார். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி கணக்கு. குனிந்த இடுப்பு நிமிராது, தோள் எரியும். காலையில் வெறும் வயிற்றில் டீ, அதோடு தெருமுனைப் பெட்டிக்கடையில் வாங்கிய வலி மாத்திரை ஒன்று. சாயங்காலம் இன்னொன்று. சில நாள் 'செட்டு' என்று மூன்று மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள், பெயர்கூடத் தெரியாது. நான் கேட்டால், "இன்னாடா தம்பி, ஒரு மாத்திரைக்குப் போயி" என்பார். ஒரு மாதம் மலம் தார் மாதிரி கருத்துப் போனது. கேழ்வரகுக் களி தின்பதால் என்று நினைத்துக்கொண்டார். ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்துப்போய், கை சில்லென்று. ஆட்டோவில் வேலூருக்குக் கொண்டு போனோம். வழியில் காப்பித்தூள் போலக் கறுப்பாக வாந்தி. குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர் இரைப்பையில் புண் என்றார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். "தினம் என்ன மாத்திரை சாப்பிட்டீங்க அம்மா?" என்று அவர் கேட்டபோது, சித்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தக் காகிதத்தை நீட்டினார்.

சளியையும் அமிலத்தைத் தணிக்கும் காரத்தையும் சுரக்கச் சொல்வது புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள். ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள் அதன் உற்பத்தியை அடக்குகின்றன என்று 1971-ல் ஜான் வேன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி காட்டினார், 1982-ல் நோபல் பரிசும் பெற்றார். வலி குறைவதும் அதனால்தான், இரைப்பையின் பூச்சு மெலிவதும் அதனால்தான். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றேனே, பூச்சு போன சுவர்தான் சித்தியுடையது.

மூன்றாவது புரதம் டிரெஃபாயில். வில்வ இலை போல மூன்று மடிப்புடையது, புண்ணை மூட ஓடி வருவது. அதை விரிவாகச் சொல்ல ஆசைதான், ஆனால் நேரம் போகிறது. அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

டைக்ளோஃபெனாக் என்பதும் இந்த வகை வலி மாத்திரைதான், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. நம் தெருக்களில் மிட்டாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் அது உதிரியாகக் கிடைக்கிறது. அதை நிறுத்தக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். பீடித் தொழிலாளர்களுக்கு இடுப்புவலிக்கு வாரம் ஒருநாள் மருத்துவர் வந்து பார்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அப்புறம், நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. தாள் வாசலில் மேசைமேல் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம். சித்தியும் வந்திருக்கிறார், அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.