31 எபிசோடும் கனவா? ஒரே கதவைத் திறந்து ஒரு சீசனை அழித்த டாலஸ்!

ஒரு பெண் காலையில் கண் விழிக்கிறாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்க் கதவைத் திறக்கிறாள். ஷவரில் ஒருவன் நின்று குளித்துக்கொண்டிருக்கிறான். அவன் செத்துப்போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. மருத்துவமனைக் கட்டிலில், மொத்தக் குடும்பமும் சுற்றி நிற்க, இவள் கண் முன்னாலேயே உயிர் போனது. அவன் இப்போது திரும்பிப் பார்த்து, சிரித்த முகத்தோடு "குட் மார்னிங்" என்கிறான். அத்தோடு சீசன் முடிந்தது. மிச்சத்தைத் தெரிந்துகொள்ள நான்கு மாதம் காத்திருக்க வேண்டும்.

1986 மே 16, வெள்ளிக்கிழமை இரவு, அமெரிக்காவின் சிபிஎஸ் சேனல். சீரியலின் பெயர் டாலஸ். செத்தவன் எப்படித் திரும்பி வந்தான்? அதற்கு அவர்கள் சொன்ன பதிலால் 31 எபிசோடு ஒரே நொடியில் காணாமல் போயின. நாற்பது வருடம் ஆகப்போகிறது, ரசிகர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. இந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பதை வீடியோ முடிவதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

(திரையில்: சவுத்ஃபோர்க் பண்ணை வீடு, வெள்ளை வேலி, நீளமான பாதை)

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: டெக்சாஸ், எண்ணெய்ப் பணம், யூயிங் குடும்பம். மூத்தவன் ஜே.ஆர். வில்லன், நடித்தவர் லாரி ஹேக்மன். தம்பி பாபி நல்லவன், நடித்தவர் பேட்ரிக் டஃபி. பாபி காதலித்துக் கட்டிய பேம், எதிரிக் குடும்பத்துப் பெண்; ஆரம்பத்தில் கதவைத் திறந்தவள் இவள்தான், ஷவரில் நின்றவன் பாபி. நடித்தவர் விக்டோரியா பிரின்சிபல். 1978இல் தொடங்கி 1991 வரை 357 எபிசோடு ஓடியது. ஜே.ஆரைச் சுட்டது யார் என்று 1980 நவம்பரில் சொன்ன எபிசோடை அமெரிக்காவில் மட்டும் எட்டு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். சரி, இவ்வளவு போதும்.

இப்போது 1985க்கு வாருங்கள். டஃபி விலக முடிவெடுத்துவிட்டார். பாபியைக் கொல்ல வேண்டும். மே 17 அன்று கொன்றார்கள். அதற்கு முந்தின ராத்திரிதான், விவாகரத்தாகிப் பிரிந்திருந்த பாபியும் பேமும் மறுபடி கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுக்கிறார்கள். மறுநாள் காலையில் பேம் மீது மோத வந்த காரின் குறுக்கே பாய்ந்து, அவளைத் தள்ளிவிட்டு, பாபி அடிபட்டுச் சாகிறான். அந்த ராத்திரியை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த எபிசோடை எழுதி இயக்கியவர் லெனர்ட் காட்ஸ்மன். ஆரம்பத்திலிருந்து சீரியலைத் தோளில் சுமந்த தயாரிப்பாளர். அவருக்கும் நிர்வாகத் தயாரிப்பாளர் ஃபில் கேபிஸுக்கும் ஒத்துப்போகவில்லை. பாபி செத்த கையோடு காட்ஸ்மனும் வேறு சீரியலுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு பீட்டர் டன் வந்தார். கதாநாயகனும் போய், கதையை நடத்தியவரும் போய், ஒரே கோடையில் வீடு காலியாகிவிட்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு முன்னால் ஒரு பெரிய தலைவலி இருந்தது: டைனஸ்டி. எண்ணெய்க் குடும்பத்தை வைத்தே எழுதப்பட்ட போட்டி சீரியல். அந்த 1984-85 சீசனில் அமெரிக்காவிலேயே முதலிடம் அதற்குத்தான். நகை, பட்டு, தோள்பட்டையில் பஞ்சு வைத்துத் தூக்கிய ஜாக்கெட் என்று கண்ணைப் பறிக்கும் சீரியல். டாலஸும் அந்தப் பக்கம் திரும்பியது. அதன் பெண்களுக்கு உடை வடிவமைத்தவர் ட்ரவில்லா. யார் தெரியுமா? மர்லின் மன்றோ நடைபாதையில் காற்று வரும் கம்பி வலையின் மேல் நிற்க, காற்றில் பறக்குமே ஒரு வெள்ளை உடை, உலகத்துக்கே தெரிந்த உடை, அதை வடிவமைத்த அதே மனிதர்! டாலஸுக்காக 1985இல் எம்மி விருதும் வாங்கினார். எண்ணெய்க் கிணற்றுக்காரர்களின் மனைவிமார் அந்த வருடம் நின்ற நிற்பே வேறு.

கதையும் மாறியது. அந்த மாற்றத்தில் பாதி எனக்கும் பிடிக்காது. கப்பல் கம்பெனி ராணி ஏஞ்சலிகா நீரோ என்று ஒருத்தி வந்து ஜே.ஆரை வலையில் இழுப்பது, முகமூடி விருந்து, கொலைத் திட்டம், பேம் கொலம்பியாவுக்கு மரகதச் சுரங்கம் தேடிப் போவது இதெல்லாம் டாலஸ் மாதிரியே இல்லை. இதைச் சொல்லித் திட்டுகிற ரசிகர்களோடு நான் சண்டைக்கு வர மாட்டேன்.

ஆனால் மீதிப் பாதியைப் பாருங்கள். ஜே.ஆரின் மனைவி சூ எலன் குடிக்கு அடிமை. அதற்கு முன்னால் எத்தனையோ வருடம் அவள் குடித்தாள், அழுதாள், நிறுத்தினாள், மறுபடி குடித்தாள். எவ்வளவு குடித்தாலும் தலைமுடி கலையாது. இந்த சீசனில்தான் அந்தக் குடி அவளை எங்கே கொண்டுபோய் விடும் என்று காட்டினார்கள். பணம் போய், அடையாளம் போய், தெருவில் அலைந்து, தெருவில் வாழும் ஒருத்தியோடு பாட்டிலைப் பகிர்ந்துகொண்டு, கடைசியில் ஒரு மருத்துவமனையின் குடிமீட்பு வார்டில், அவள் யார் என்றே யாருக்கும் தெரியாமல் கட்டிலில் கிடந்து நடுங்குகிறாள். லிண்டா கிரே அதில் நடித்திருப்பதைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். மேக்கப் இல்லை, பட்டு இல்லை. பணக்காரக் குடும்ப சீரியலில் ஒரு நடிகைக்கு இப்படி ஒரு வாய்ப்பு சும்மா கிடைக்காது. அதைக் கொடுத்தது இந்தப் புது அணிதான்.

அப்புறம் டோனா. இவளைப் பற்றிப் பேசாமல் இந்த வீடியோவை முடிக்க என்னால் முடியாது. டோனாவும், யூயிங் குடும்பத்தைச் சேர்ந்த ரேயும் குழந்தைக்காக ஏங்கிய தம்பதி. டோனா கர்ப்பமாக இருக்கிறாள். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிகிறது. பெற்றுக்கொள்வது என்று இருவரும் முடிவெடுக்கிறார்கள். பிறகு ஒரு காளையால் நேரும் விபத்தில் குழந்தை போய்விடுகிறது. அந்தத் துக்கத்தைக் கதை அவசரமாகக் கடக்கவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளோடு டோனா நேரம் செலவிடுகிறாள். பிறகு காது கேளாத டோனி என்ற சிறுவனைத் தத்தெடுக்க இருவரும் முயற்சி செய்கிறார்கள். 1985இல், பிரைம் டைம் சீரியலில்! பேமின் கனவு என்று பின்னால் சொல்லித் துடைத்தபோது, டோனியும் துடைக்கப்பட்டான். பழைய ரசிகர்களுக்கு எது ஆறவில்லை என்று கேட்டால் பலர் பாபியைச் சொல்ல மாட்டார்கள், டோனியைச் சொல்வார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். ஒரு சீரியல் பாத்திரம் திடீரென்று காணாமல் போய் உங்களுக்கு மனசு வலித்திருக்கிறதா? கமெண்டில் எழுதுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன்.

சரி, டஃபி எப்படித் திரும்பி வந்தார்? பார்வையாளர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஹேக்மனுக்குப் புது டாலஸ் பிடிக்கவில்லை. பாபி இல்லாமல் ஜே.ஆர். யாரோடு மோதுவான்? ஹேக்மன் தன் நண்பர் டஃபியைக் கூப்பிட்டுப் பேசினார். பாபி திரும்பி வர வேண்டுமென்றால் போன சீசன் முழுவதும் கனவாக இருந்தால்தான் முடியும் என்று முதலில் தோன்றியது தன் மனைவிக்குத்தான் என்று டஃபி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கேபிஸ் வெளியே போனார். காட்ஸ்மன் திரும்பி வந்தார், இந்த முறை முழு அதிகாரத்தோடு.

ரகசியம் காக்க அவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். டஃபி ஷவரில் குளிக்கும் காட்சியை ஐரிஷ் ஸ்பிரிங் குளியல் சோப்பு விளம்பரம் என்று சொல்லித் தனியாக எடுத்தார்கள். விக்டோரியா பிரின்சிபல் கதவைத் திறக்கும் காட்சி இன்னொரு இடத்தில் எடுத்தது. எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டினார்கள். மறுபடி அந்தக் காட்சியைப் பாருங்கள்: இருவரும் ஒரே ஃபிரேமில் வரவே மாட்டார்கள்.

கோடை முழுக்க நாடே ஊகம் செய்தது. இரட்டைச் சகோதரன், பிளாஸ்டிக் சர்ஜரி செய்த போலி ஆள் என்று ஆளுக்கொரு கதை. செப்டம்பர் 26 அன்று பதில் வந்தது. ஞாபகம் வைக்கச் சொன்னேனே ஒரு ராத்திரி? பேம் தூங்கியது அந்த ராத்திரி. அவள் கண் விழித்தது அதற்கு அடுத்த காலை. கார் மோதவே இல்லை. சூ எலன் வார்டில் கிடக்கவே இல்லை. டோனி என்று ஒருவன் இல்லவே இல்லை.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாட்ஸ் லேண்டிங்!

யூயிங் சகோதரர்களில் கேரி என்று இன்னொருவன் உண்டு. அவனும் மனைவி வாலினும் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த கதைதான் நாட்ஸ் லேண்டிங். டாலஸை உருவாக்கிய டேவிட் ஜேக்கப்ஸ்தான் அதையும் உருவாக்கினார். அதே சேனல், அதே கம்பெனி. முதல் எபிசோடிலேயே பாபி அந்தத் தெருவுக்கு வந்து போவான். ஆக இரண்டு சீரியலுக்கும் ஒரே உலகம், ஒரே ரத்தம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பாபி செத்தபோது அந்தச் செய்தி நாட்ஸ் லேண்டிங்கிலும் வந்தது. கேரி தம்பிக்காகத் துக்கப்பட்டான். வாலினிடமிருந்து திருடப்பட்ட இரட்டைக் குழந்தைகள் அந்த வருடம்தான் அவளிடம் திரும்பி வந்தார்கள். பையனுக்கு பாபி என்று பெயர். செத்துப்போன சித்தப்பாவின் பெயர்! பிறகு டாலஸில் "எல்லாம் கனவு" என்று அறிவித்துவிட்டார்கள். நாட்ஸ் லேண்டிங் என்ன செய்ய முடியும்? தன் ஒரு வருடக் கதையையும் சேர்த்து அழிக்க வேண்டுமா? திருடுபோன குழந்தைகளை மறுபடி திருடுகொடுக்கவா?

அழிக்கவில்லை. அவர்கள் உலகத்தில் பாபி செத்தவன் செத்தவன்தான். இரண்டு சீரியலும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டன. வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கும் அண்ணன் வீட்டில் ஒரு நாள் திதி, திருக்கணிதம் பார்க்கும் தம்பி வீட்டில் வேறொரு நாள் திதி என்று வருமே, அது மாதிரி ஒரே குடும்பத்துக்கு இரண்டு கணக்கு. வெள்ளிக்கிழமை டாலஸில் பாபி உயிரோடு அண்ணனுடன் மல்லுக்கட்டுவான். வியாழக்கிழமை நாட்ஸ் லேண்டிங்கில் அவன் பெயர் வைத்த பிள்ளை ஓடி விளையாடும். இப்படியே 1991 வரை.

இன்னும் இருக்கிறது. 1991 மே மாதம் டாலஸின் கடைசி எபிசோடு. ஜே.ஆர். பிறக்காமலே போயிருந்தால் இந்த உலகம் எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் கதை. அதில் கேரியும் வாலினும் வருகிறார்கள். அங்கே கேரி ஒரு வக்கீல், வாலினை அப்போதுதான் முதல் தடவை சந்திக்கிறான். நிஜமான டாலஸ் உலகத்துக்குள் அவர்களைக் கூட்டிவந்தால் செத்த பாபியா, உயிருள்ள பாபியா என்ற கேள்வி வரும். இல்லாத உலகத்துக்குக் கூட்டிவந்தால் வராது. எவ்வளவு அழகாக நழுவிவிட்டார்கள் பாருங்கள்!

பிறகு 2012இல் டாலஸ் புதிதாகத் தொடங்கியது. அந்த நவம்பரில் ஹேக்மன் இறந்தார். 2013இல் கதையிலும் ஜே.ஆருக்கு இறுதிச்சடங்கு நடந்தது. கேரி வந்திருந்தான், அதே டெட் ஷாக்கல்ஃபோர்ட். அந்தக் கூட்டத்தில் பாபி நரைத்த தலையோடு உயிருடன் நிற்கிறான். தான் எப்போதோ அழுது முடித்த தம்பி எப்படி உயிரோடு இருக்கிறான் என்று கேரி கேட்கவே இல்லை. இரண்டு உலகம், இரண்டு கேரி என்று கோடு போட்டு வரைபடம் வைத்திருக்கும் ரசிகர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்தக் கனவிலிருந்து நிஜத்துக்குக் கசிந்து வந்தவர்களும் உண்டு. கனவு சீசனின் கடைசியில் பென் ஸ்டிவர்ஸ் என்ற பெரியவர் சவுத்ஃபோர்க்கில் வந்து இறங்குகிறார். நடித்தவர் ஸ்டீவ் ஃபாரஸ்ட். கனவு கலைந்த பிறகு அதே முகத்தோடு வெஸ் பார்மலீ என்ற வேறு பெயரில் வந்து, குடும்பத்தின் செத்துப்போன அப்பா ஜாக் நான்தான் என்கிறார். பேம் இவரை எப்படி முன்கூட்டியே கனவில் பார்த்தாள்? யாரும் விளக்கவில்லை. பாவம் யூயிங் குடும்பத்து உறவுக்காரப் பெண் ஜேமி, கனவில் கார் குண்டில் செத்தாள், கனவு கலைந்ததால் பிழைத்தாள், கொஞ்ச நாளிலேயே நம் கண்ணில் படாமல் மலையில் நடந்த விபத்தில் மறுபடி செத்தாள்.

காட்ஸ்மன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் திரும்பி வந்ததால்தான் டாலஸ் இன்னும் ஐந்து வருடம் ஓடியது. பாபியைத் திரும்பக் கொண்டுவந்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு ஆளைக் காப்பாற்ற ஒரு வருட உழைப்பை இல்லாததாக ஆக்கினார்கள். ட்ரவில்லாவின் உடைகள், லிண்டா கிரேயின் அந்த நடுக்கம், டோனாவின் துக்கம் எல்லாம் பேம் தூங்கும்போது கண்ட கனவு என்றாகிவிட்டது. புது அணி செய்த தவறுகளை மட்டும் தூக்கி எறிந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரசிகர்களில் சிலர் அந்த 31 எபிசோடையும் தாண்டிப் போகச் சொல்வார்கள், "எப்படியும் கனவுதானே" என்பார்கள். தாண்டாதீர்கள். ஏஞ்சலிகா நீரோ வரும்போது வேண்டுமானால் ஓட்டிவிடுங்கள். 1985 செப்டம்பரில் தொடங்கும் சூ எலன் கதையை ஒரு நிமிடம் விடாமல் பாருங்கள். பார்த்துவிட்டு, அழித்தது நியாயமா இல்லையா என்று இங்கே வந்து எழுதுங்கள். அடுத்த வீடியோவில் 1985 மே மாதம், பாபி செத்ததற்கு இரண்டு நாள் முன்னால், டைனஸ்டி ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோரையும் சுட்டுச் சாய்த்த கதை. சப்ஸ்கிரைப் செய்துவிட்டுப் போங்கள்.