மார்பில் பதக்கம், கையில் ஆவணம் இல்லை: போலி ராணுவப் பதவியைக் கண்டறிவது எப்படி?

[திரையில்: சேலம் ஐந்து ரோடு, காலை நேரம். குரல் தொடங்குகிறது.]

வணக்கம். பட்டாளத்தில் இருந்தவர் என்று ஒருவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டால், ஓமலூரிலும் ஆத்தூரிலும் வாழப்பாடியிலும் அதற்கு மேல் அவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. பள்ளி விழாவில் கொடியேற்ற அழைக்கிறோம், வீடு கேட்டால் முன்பணத்தைக் குறைத்துக்கொள்கிறோம், ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் சொல்லுக்குத் தனி எடை கொடுக்கிறோம். குடும்பத்தை விட்டுப் பனியிலும் பாலையிலும் காவல் நின்றவர்கள் சம்பாதித்து வைத்த மரியாதை அது. படையில் ஒரு நாள்கூடப் பணியாற்றாத ஒருவர் அந்த மரியாதையைக் களவாடும்போது அதை எப்படிக் கண்டுகொள்வது, கண்டுகொண்ட பின் என்ன செய்வது என்பதுதான் இந்த வீடியோ.

முதலில் பண மோசடி. ஏற்காட்டில் வீடோ அறையோ வாடகைக்கு இருப்பதாக இணையத்தில் விளம்பரம் கொடுத்தவருக்கு, பணிமாற்றலில் வரும் ராணுவ அதிகாரி என்று ஒருவர் பேசுகிறார். சீருடைப் படமும் அடையாள அட்டைப் படமும் வாட்ஸ்அப்பில் வந்து விழுகின்றன. முன்பணம் ராணுவக் கணக்கிலிருந்து வரும் என்றும், அதற்கு இந்த கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட வேண்டும் என்றும் சொல்கிறார். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அந்த எண்ணைப் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும். அந்தப் படங்களும் பெரும்பாலும் வேறொரு படைவீரரிடமிருந்து திருடப்பட்டவையாக இருக்கும்.

இதைவிடக் கொடியது ஆள்சேர்ப்பின் பெயரால் நடப்பது. சேலம் மாவட்ட இளைஞர்களுக்கான ராணுவ ஆள்சேர்ப்பைக் கோயம்புத்தூரில் உள்ள ஆள்சேர்ப்பு அலுவலகம் கவனிக்கிறது. நான்காண்டுப் பணிக்கு ஆள் சேர்க்கும் அக்னிபத் திட்டம் 2022-இல் வந்த பிறகும் எழுத்துத் தேர்வு, உடற்தகுதி, மருத்துவப் பரிசோதனை, தகுதிப்பட்டியல் என்பதுதான் வழி. இதில் எந்தக் கட்டத்திலும் மேஜரோ சுபேதாரோ தம் சிபாரிசால் ஒருவரை உள்ளே நுழைக்க முடியாது. ஆனாலும் விடிகாலையில் மைதானத்தில் ஓடிப் பயிற்சி எடுக்கும் பிள்ளையின் தகப்பனார், சீருடையில் வந்து பேசிய ஒருவரை நம்பி நகையை அடகு வைத்துப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார். பணத்தோடு அந்தப் பிள்ளையின் வயதும் போகிறது. ஆள்சேர்ப்பில் வயது வரம்பு கடுமையானது என்பதால் ஏமாந்த ஓராண்டை அவன் திரும்பப் பெற முடியாது.

மூன்றாவது வகையினர் பணம் கேட்பதில்லை. தாம் கேப்டன், கார்கிலில் சண்டையிட்டவர் என்று மேடைதோறும் சொல்லிக்கொள்வது இவர்கள் வேலை. சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று பலர் கருதுவதை நான் ஏற்கவில்லை. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் 1999 மே மாதம் கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் உயிர்நீத்தார். போர்க்கள வீரத்துக்கான வீர் சக்ரா விருது அவருடைய மறைவுக்குப் பிறகே வழங்கப்பட்டது. அத்தகைய ஒருவருடைய பெயருக்குப் பக்கத்தில் பொய் சொல்பவர் தம் பெயரையும் எழுதிக்கொள்கிறார் என்றால், அது பார்த்துவிட்டு நகர்ந்துபோகிற விஷயம் அல்ல.

[திரையில்: ஒரு தாளில் ஆண்டுகளைக் கழித்துப் பார்க்கும் கை.]

சரிபார்க்க ராணுவ அறிவு வேண்டியதில்லை. முதலில் வயதைக் கணக்கிட்டாலே போதும். கார்கில் போர் 1999 மே முதல் ஜூலை வரை நடந்தது. படையில் சேர அன்று பதினாறு, பதினேழு வயதாவது ஆகியிருக்க வேண்டும், அதன் பின் பல மாதப் பயிற்சி உண்டு. ஆகவே 1982-க்குப் பிறகு பிறந்தவர் அந்தப் போரில் சண்டையிட்டிருக்க வழியே இல்லை. அதேபோல் பாகிஸ்தானுடன் நடந்த 1971 டிசம்பர் போரில் இருந்ததாகச் சொல்பவர் இன்று எழுபதைக் கடந்தவராக இருக்க வேண்டும். இலங்கைக்குச் சென்ற அமைதிப்படை 1987 ஜூலையில் சென்று 1990 மார்ச்சில் திரும்பியது. அறுபது வயதுக்காரர் 71-ஆம் ஆண்டுப் போரைப் பற்றி விரிவாகப் பேசினால், அங்கேயே நிறுத்திக் கேட்கலாம்.

அடுத்தது, எந்த யூனிட், எங்கே பயிற்சி, பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் எது என்ற கேள்விகள். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர் என்றால் நீலகிரியின் வெலிங்டனில் உள்ள பயிற்சி மையத்தின் பெயரைச் சொல்ல அவருக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படாது. மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு. சர்வீஸ் நம்பரை உண்மையான சிப்பாய் எண்பது வயதிலும் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். அதிகாரியின் எண் எழுத்துகளோடு தொடங்கும்; நிரந்தரப் பணியில் சேர்ந்தவருக்கு ‘ஐ.சி.’ என்று வரும். போலியாக நடிப்பவர் இத்தகைய கேள்விகளுக்கு அளிக்கும் வழக்கமான பதில், ‘அதெல்லாம் ரகசியம், சொல்லக்கூடாது’ என்பது. பணியாற்றிய ரெஜிமெண்டின் பெயரை ஓய்வுக்குப் பின் ஊரில் சொல்வது ரகசியத்தை உடைப்பதாகாது.

பதக்கங்களைச் சற்று நெருங்கிப் பாருங்கள். 1971 போருக்குக் கிழக்கு முனையில் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் பஸ்சிமி ஸ்டார். கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார். இவை போரில் பங்கெடுத்ததற்கான பதக்கங்கள். வீர தீர விருதுகள் வேறு. போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ராவின் நாடா வேறு நிறக் கோடு எதுவும் இல்லாத ஊதா. இதுவரை அதைப் பெற்றவர்கள் 21 பேர்தான், அவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. இலங்கையில் 1987 நவம்பர் 25 அன்று வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர். வீர தீர விருது பெற்றவர்களின் பெயர்கள் அரசிதழில் வெளியாகின்றன. பாதுகாப்பு அமைச்சகம் இதற்கென்றே நடத்தும் ‘கேலன்ட்ரி அவார்ட்ஸ்’ இணையதளத்தில் யாரும் தேடலாம்.

இருந்தும் கேள்வியைவிட ஆவணமே உறுதி. பணியிலிருந்து விடுவிக்கும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ., மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழங்கும் அடையாள அட்டை ஆகியவற்றில் ஒன்றாவது உண்மையான முன்னாள் படைவீரரிடம் கட்டாயம் இருக்கும். பள்ளி விழாவுக்கு அழைப்பவர்கள் ‘ஐயா, அழைப்பிதழில் உங்கள் பதவியைப் பிழையில்லாமல் அச்சிட வேண்டும், அட்டையைக் காட்ட முடியுமா?’ என்று பணிவாகக் கேட்டால், உண்மையானவர் மகிழ்ந்து எடுத்து நீட்டுவார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சந்தேகத்துக்கு உள்ளாகிறவர்கள் எல்லாரும் போலிகள் அல்லர். சிப்பாயாகச் சேர்ந்து சுபேதார் மேஜராக உயர்ந்தவருக்குப் பணிக்கால இறுதியில் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பதவிகள் வழங்கப்படுவது உண்டு. அவர் தம்மை கேப்டன் என்று சொல்வது பொய் ஆகாது. கல்லூரியில் என்.சி.சி. அதிகாரியாக இருக்கும் பேராசிரியர் கேப்டன் சின்னம் அணிவதும் முறையானதே. பதக்கங்களை வலப்பக்கம் அணிந்து நினைவிடத்துக்கு வரும் பெண்மணியைக் கேலி செய்யாதீர்கள். இறந்த கணவரின் அல்லது மகனின் பதக்கங்களை உறவினர் அப்படித்தான் அணிகிறார்கள். போர்க்காலத்தில் சமையற்கூடத்திலும் லாரி ஓட்டுநர் இருக்கையிலும் இருந்தவரும் போர்ப் பணி செய்தவரே. ராணுவத்தைச் சேராத மத்தியக் காவல் படைகளான சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். வீரரை ஊர் ‘மிலிட்டரிக்காரர்’ என்று அழைத்தால், அது ஊர்ப் பேச்சு; அவர் சொன்ன பொய் அன்று.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடைசெய்தபோது, ராணுவச் சிறப்பையும் கல்விச் சிறப்பையும் மட்டும் விலக்கி வைத்தது. படைவீரர் அல்லாத ஒருவர், தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அந்தச் சீருடையையோ சின்னத்தையோ போன்ற ஒன்றை அணிந்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த நோக்கம் இல்லாமல், சந்தையில் வாங்கிய பச்சைப் புள்ளிச் சட்டையைப் போட்டுக்கொள்வது இப்பிரிவின்கீழ் வராது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியிருந்தால் 319-ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரையும், ஏமாற்றிப் பணமோ சொத்தோ பறித்திருந்தால் 318-ஆவது பிரிவில் ஏழாண்டு வரையும் தண்டனை உண்டு. அமெரிக்காவில் பதக்கம் பெற்றதாகப் பொய் சொல்வதையே குற்றமாக்கிய 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தை, அது பேச்சுரிமையை மீறுகிறது என்று 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தப் பொய்யால் பணமோ வேறு ஆதாயமோ தேடுபவரைத் தண்டிக்கும் புதிய சட்டம் 2013-இல் வந்தது.

கடைசியாக, போலி என்று உறுதியாகத் தோன்றினால் அவரை வழிமறித்து வீடியோ எடுத்துப் பரப்பாதீர்கள். தவறாக இருந்தால் ஒரு கௌரவ கேப்டனை ஊர் முன்னிலையில் அவமானப்படுத்தியவர் ஆவீர்கள். சரியாக இருந்தாலும் அவர் சாட்சியங்களை அழிக்க நேரம் கிடைத்துவிடும். அவர் சொன்ன பெயர், பதவி, யூனிட், காட்டிய அட்டையின் படம் ஆகியவற்றைத் தேதியோடு குறித்துக்கொண்டு, சேலத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்தால், பதிவேட்டில் பார்த்துச் சொல்லும் வழி அவர்களிடம் உண்டு. பணம் போயிருந்தால் அதற்குக் காத்திருக்க வேண்டாம். இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள். பிறகு நகரத்துக்குள் என்றால் மாநகரக் காவல் நிலையத்திலும், ஏற்காடு, ஓமலூர் போன்ற பகுதிகள் என்றால் மாவட்டக் காவல்துறையின்கீழ் உள்ள நிலையத்திலும், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் கைபேசியோடு சென்று எழுத்துமூலம் புகார் கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.