கண்ணாடி கழுவும் தண்ணீர்

வணக்கம் நேயர்களே. டர்பனில் ஸ்வெட்டரே பெட்டிக்குள் தூங்குகிறது, பனிக்காலத்துக்குக் கார்க் கண்ணாடி கழுவும் திரவம் எதற்கு என்று என் வீட்டுக்காரியும் ஒரு காலத்தில் கேட்டாள். நம் கடற்கரையை விட்டு, ஜோஹன்னஸ்பர்க் போகும் என்-3 சாலையில் ஏறிப் பாருங்கள். வழியில் வரும் வான் ரீனன் மலைக் கணவாய் 1,600 மீட்டர் உயரத்துக்கு மேல். 2024 செப்டம்பரில் அங்கே பனி கொட்டி, சாலையை மூடி, வண்டிகள் இரவெல்லாம் நின்றது நினைவிருக்கும்.

என் கதை அதற்கு முந்தியது. ஜூலை மாதம், நமக்குக் குளிர்காலம். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் கல்யாணம் முடித்துத் திரும்பும்போது, கணவாய்க்கு முந்திய ஊரான ஹாரிஸ்மித்தில் ராத் தங்கினோம். விடியற்காலை புல்லெல்லாம் வெள்ளை. கிளம்பிக் கொஞ்ச தூரம்தான், முன்னால் போன லாரி சேற்றை வாரி அடித்தது. வெயிலோ நேரே முகத்தில். பித்தானை அழுத்தினேன், மோட்டார் முனகியது, ஒரு சொட்டு வரவில்லை. வைப்பர் சேற்றைத் தோசை மாவு மாதிரி இழுத்துவிட்டது. ஓரம் கட்டினேன். இவள் பிளாஸ்க் டீயை ஊற்றித் துடைத்தாள். சர்க்கரை போட்ட ஏலக்காய் டீ! கண்ணாடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. அவளை என்ன சொல்வது, தொட்டியில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை ஊற்றியது நான்தானே.

அந்தச் சோப்புதான் எனக்கு ஆகாதது. நுரைக்கும், கோடு விடும், துளையை அடைக்கும், உறைவதைத் தடுக்கவும் செய்யாது. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் தொட்டியில் விரிசல். ரேடியேட்டர் கூலண்டை ஊற்றலாமே என்பார்கள். வேண்டாம், கண்ணாடியில் எண்ணெய் பூசினதுபோல் படியும்.

ஆல்கஹால் கலந்த திரவமாக வாங்குங்கள். எத்தனை டிகிரி வரை உறையாது என்று புட்டியில் போட்டிருக்கும். மைனஸ் 10 போட்டதாவது எடுங்கள். கெட்டித் திரவம் என்றால் அந்த அளவு தண்ணீர் கலக்காத நிலைக்கு. நீங்கள் தண்ணீர் சேர்க்கச் சேர்க்க உறையாமல் காக்கும் சக்தி குறையும். அப்புறம், பழைய தண்ணீரைக் காலி செய்துவிட்டுப் புதியதை ஊற்றி, டர்பனிலேயே நன்றாகப் பீச்சிவிடுங்கள். குழாயில் நிற்கும் பழைய தண்ணீர் போக வேண்டும். தொட்டியில் மட்டும் மாற்றினால் போதாது, குழாயிலும் மாற வேண்டும். மலையில் பீச்சுமுன் ஹீட்டர் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பிச் சூடாக்குங்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஆல்கஹால் முதலில் ஆவியாகி, மிச்சத் தண்ணீர் ஐஸாகிவிடும். கொதிநீர் மட்டும் ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடிக்கும்.

வைப்பர் ரப்பரைப் பற்றி நிறைய எழுதி வந்தேன், இங்கே கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, ஒன்றே ஒன்று: சில திரவங்களில் மெத்தனால் உண்டு, அது விஷம். நிறமோ கூல்டிரிங்க் மாதிரி இருக்கும். வேறு புட்டியில் மாற்றி வைக்காதீர்கள், பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில்...

நன்றி, வணக்கம்.