இடி விழுந்தால் பியானோ வருமா? 'திடீர் சக்தி' ஹீரோக்களை மாட்டிவிடும் ஒரு கேரம் விதி!

[திரையில்: துறைமுகம் நோக்கி வரிசையாக நிற்கும் டிரெய்லர் லாரிகள். குரல் மட்டும்.]

1913 ஜனவரி. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதும் ஒரு குமாஸ்தா. வயது 25. இரண்டு கல்லூரியில் சேர்ந்து இரண்டிலும் தேறாதவர். அவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஒருவருக்குக் கடிதம் போடுகிறார். உள்ளே பக்கம் பக்கமாகக் கணக்குச் சூத்திரங்கள். அதில் சிலவற்றை அந்தக் கணிதவியலாளரே அதுவரை பார்த்ததில்லை. எப்படி வந்தது என்று கேட்டால், நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் சொன்னாள் என்பாராம்.

இதையே ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதையாக எழுதி யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். "லாஜிக்கே இல்லையே தலைவா, பயிற்சியே இல்லாமல் எப்படி?" என்று கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

[நேராகக் கேமராவைப் பார்த்து]

வணக்கம் மக்களே! ராயபுரத்து மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் ரயில் சத்தம் கேட்டால் மன்னித்துவிடுங்கள், மைக்குக்குப் போர்வை போர்த்தியும் பார்த்தாகிவிட்டது. இன்றைய பஞ்சாயத்து இதுதான்: பயிற்சியே எடுக்காத ஒரு ஹீரோவுக்குத் திடீரென்று மாய சக்தி வருகிறது. அதை நாம் நம்பலாமா, கூடாதா?

இந்த வீடியோவுக்குக் காரணமே என் சித்தப்பா மகன்தான். 2015-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ரே என்று ஒரு பெண். பாலைவனத்தில் பழைய கப்பல்களைப் பிரித்து விற்றுச் சாப்பிடுகிறவள். குருவே கிடையாது. கைவிலங்கு போட்டு உட்கார வைத்திருக்கும்போது, காவலுக்கு நிற்பவன் மனதை வெறும் பேச்சால் மாற்றி வெளியே வந்துவிடுவாள். நான் சாப்பிட்டுக்கொண்டே, "இதெல்லாம் ஓவர்டா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

"ஏன்ணே, லூக்குக்கு ஒரு நியாயம், ரேக்கு ஒரு நியாயமா?" என்று ஆரம்பித்தான். சாம்பார் ஆறிப்போனது.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் ஹீரோ லூக் எடுத்த பயிற்சி எவ்வளவு? கப்பலுக்குள் ஒரு பறக்கும் உருண்டையோடு கொஞ்ச நேரம். அவ்வளவுதான். அதற்கப்புறம் குறி பார்க்கும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சின்ன நிலா அளவு இருந்த டெத் ஸ்டார் என்ற எதிரிகளின் விண்வெளிக் கோட்டையையே வெடிக்க வைக்கிறான். நாம் விசில் அடித்தோம். ஆண் செய்தால் விசில், பெண் செய்தால் லாஜிக் என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை என்று நம்பத்தான் ஆசை.

சரி, வரலாறு கொஞ்சம், வேகமாக. சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்குள் மன சக்தி ஏன் புகுந்தது? 1930-களில் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ரைன் என்பவர் சீட்டைக் கவிழ்த்து வைத்து, உள்ளே வட்டமா நட்சத்திரமா என்று சொல்லச் சொல்லிச் சோதனை நடத்தினார். சிலர் சரியாகச் சொல்கிறார்கள் என்று 1934-ல் புத்தகமும் போட்டார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது தேறவில்லை. ஆனால் கேம்ப்பெல் என்ற பத்திரிகை ஆசிரியருக்கு அந்த விஷயம் பிடித்துப்போய், 1950-களில் தன் இதழில் மன சக்திக் கதைகளாகப் போட்டுத் தள்ளினார். அன்று நுழைந்தது இன்னும் வெளியே போகவில்லை. வரலாறு முடிந்தது, தூங்கியவர்கள் எழுந்திருங்கள்.

சக்தி எங்கேயிருந்து வந்தது என்று விளக்கிவிட்டால் நம்பிவிடுவோமா? அதுவும் நடக்கவில்லை. 1999 ஸ்டார் வார்ஸில் ரத்தத்தைச் சோதித்து, மிடிகுளோரியன் என்ற நுண்ணுயிரின் அளவு 20,000-க்கு மேல் இருக்கிறது, அதனால்தான் இந்தப் பையனுக்குச் சக்தி என்று லேப் ரிப்போர்ட் மாதிரி விளக்கம் கொடுத்தார்கள். ரசிகர்களுக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. சர்க்கரை அளவு பார்ப்பது மாதிரி இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அப்போது எதை வைத்து நம்புகிறோம்? எனக்கு விடை கிடைத்த இடம் கல்மண்டபம் பக்கம் ஒரு சந்து.

[திரையில்: தகரக் கூரை, தாழத் தொங்கும் பல்பு, கேரம் போர்டு.]

நம் பக்கத்துக்குக் கேரம் தெரியாதவர்கள் கிடையாது. புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-ல் அமெரிக்கா போய் உலகக் கோப்பையில் 3 தங்கம் அள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு ஒரு நாள் ராத்திரி திடீரென்று கேரம் சக்தி வந்தது என்று யாராவது கதை எழுதினால், எங்கள் ஏரியாவில் உதை விழும்.

நான் சொல்ல வருவது ஒரு மே மாத லீவு. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அத்தை வீட்டுக்கு வந்திருந்த பையன், பதினோரு வயது இருக்கும், எங்கள் சந்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டத்தின் நடுவில் ஒருவருக்கு வீட்டிலிருந்து போன். எழுந்து போய்விட்டார். போர்டுக்குச் சொந்தக்காரரான பெரியவர், ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பையனைப் பார்த்தார்.

"ஆடுவியா?"

"தெரியாதுண்ணா."

"சும்மா அடி. இன்னா ஆயிடப் போவுது?"

பையனுக்கு உட்காரும் உயரம் பத்தவில்லை. நின்றுகொண்டே ஸ்ட்ரைக்கரை வைத்தான். ரெட் எதிர்ப் பக்கம், பாதி மறைவில், ஒரு வெள்ளைக் காயை ஒட்டிக்கொண்டு கிடந்தது. நாங்களெல்லாம் தொடவே யோசிப்போம். பையன் நடுவிரலைப் பின்னால் வளைத்து ஒரு சுண்டு. ஸ்ட்ரைக்கர் ரெட்டின் ஓரத்தை மட்டும் தொட்டது. ரெட் அலுங்காமல் நழுவிப் போய்க் குழிக்குள் விழுந்தது. பவுடர் டப்பாவைக் கையில் பிடித்திருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டேய், இன்னாடா கை இது!"

இப்போது ஃபாலோ போட வேண்டும். கேரம் தெரியாத நாலு பேருக்காகச் சொல்கிறேன்: ரெட்டை உள்ளே தள்ளினால் மட்டும் அது உங்களுடையது ஆகிவிடாது. அடுத்த அடியிலேயே உங்கள் காய் ஒன்றையும் போட்டுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ரெட்டை எடுத்துத் திரும்ப நடுவில் வைத்துவிடுவார்கள்.

குழிக்கு நேரே, ஒரு ஜாண் தூரத்தில், வெள்ளைக் காய் ஒன்று இருந்தது. பாட்டி கூடப் போட்டுவிடும். பையன் அடித்தான். காய் தள்ளிப் போனது, ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தது. ரெட் திரும்ப நடுவில் வந்து உட்கார்ந்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. பையன் கையைப் பிடித்து நடுவிரல் நுனியைத் தடவிப் பார்த்தார். காய்ப்புக் காய்த்திருந்தது.

"ஊர்ல கோலி ஆடுவியா?"

"ஆமாண்ணா. எங்க தெருவுல நான்தான் ஃபர்ஸ்ட்டு."

மக்களே, என் மொத்த வாதமும் இதுதான். ரெட் எப்படி வேண்டுமானாலும் விழட்டும். கனவில் வரட்டும், இடி விழட்டும், வேற்றுக்கிரகவாசி வந்து காதில் ஊதட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: ஃபாலோ எங்கே?

[திரையில்: பெரிய எழுத்தில் 'ஃபாலோ எங்கே?'. பக்கத்தில் சேனலை ஃபாலோ செய்யும் பொத்தான். ஆமாம், வேண்டுமென்றேதான்.]

இந்தக் கேள்வியோடு படங்களை ஒரு சுற்றுப் பார்க்கலாம். 1999-ல் வந்த தி மேட்ரிக்ஸ்: ஹீரோ நியோவின் மூளைக்குள் குங்ஃபூவை நேரடியாக ஏற்றிவிடுகிறார்கள். ரெட் விழுந்தது. அடுத்த காட்சியிலேயே குரு மார்ஃபியஸிடம் அடி வாங்குகிறான், கட்டடம் விட்டுக் கட்டடம் தாவப் போய்க் கீழே விழுகிறான். சூப்பர். லூக்கும் தப்பித்தான், 1980 படத்தில் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி, ஒரு கையையே பறிகொடுத்ததால். ரே விஷயத்தில் நான் பாதி இறங்கி வருகிறேன். அந்தக் காவல்காரன் காட்சியை மறுபடி பார்த்தேன். முதல் தடவை அவள் சொன்னது பலிக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை, அவன் திட்டிக்கொண்டே விலங்கை இறுக்க வருகிறான். மூன்றாவது தடவைதான் பலிக்கிறது. அந்த இரண்டு சொதப்பல்தான் காட்சியையே காப்பாற்றுகிறது. சண்டையும் பரவாயில்லை, அவள் சின்ன வயதிலிருந்தே தடி சுழற்றுகிறவள், எதிராளியோ ஏற்கெனவே விலாவில் அடிபட்டவன். பிரச்சினை என்னவென்றால், ஃபாலோ போடுவதற்குள் அடுத்த ரெட்டை எடுத்து வைத்துவிடுகிறார்கள். சித்தப்பா மகனே, இதற்கு மேல் இறங்க மாட்டேன்.

நம் ஊர் ஏழாம் அறிவு, 2011. போதிதர்மரின் மரபணுவைத் தூண்டிவிட்டால் அவருடைய கலைகள் சர்க்கஸ்கார ஹீரோவுக்கு வந்துவிடும். யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் டிஎன்ஏவில் இருப்பது புரதம் செய்யும் குறிப்பு. ஒருவர் பழகிய அடிமுறை அவர் மூளை நரம்புகளின் இணைப்பில் இருக்கும், அவரோடு போய்விடும். சராசரியாக 10 தலைமுறை தாண்டினாலே ஒரு முன்னோரின் பங்கு 1,024-ல் ஒன்று. அறிவியலை விடுங்கள், அதைக்கூட நான் மன்னிப்பேன். ரெட் விழுவதே க்ளைமாக்ஸில். ஃபாலோ போட நேரம் ஏது?

நிஜத்தில் இடி விழுந்த ஆளும் இருக்கிறார். டோனி சிகோரியா, அமெரிக்காவில் எலும்பு டாக்டர். 1994-ல் பொதுத் தொலைபேசியில் அம்மாவோடு பேசிவிட்டு ஃபோனை வைக்கும்போது மின்னல் தாக்கியது. பிழைத்துக்கொண்டார். சில வாரம் கழித்துப் பியானோ இசை மேல் ஒரு வெறி பிடித்தது. அதற்கு முன்னால் அவருக்கு அதில் அப்படி ஒன்றும் ஈடுபாடு கிடையாது. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் விரல் தானாக ஓடவில்லை. விடிகாலை 4 மணிக்கு எழுந்து உட்கார்ந்து பழகினார், வேலைக்குப் போய் வந்து ராத்திரி மறுபடி பழகினார். மின்னல் கொடுத்தது பசியைத்தான், சமைக்க அவரேதான் கற்றுக்கொண்டார்.

இப்போது நம் குமாஸ்தாவிடம் வருவோம். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், வீடியோ நீளமாகிவிட்டது என்று திட்டாதீர்கள். ராமானுஜன் நம் ஏரியாக்காரர் ஆயிற்றே! துறைமுகத்தில் வேலை பார்த்தபோது ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தவர். அவர் தேறாமல் போன பச்சையப்பன் கல்லூரியும் அன்றைக்கு ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது. ராயபுரத்தில் அவர் பெயரில் ஒரு கணித அருங்காட்சியகமே உண்டு, பி.கே. சீனிவாசன் என்ற கணித ஆசிரியர் 1993-ல் தொடங்கியது. இங்கிருந்து நடந்து போகிற தூரம்.

அவர் கையில் என்ன காய்ப்பு இருந்தது? பதினாறு வயது வாக்கில் கார் என்பவர் எழுதிய புத்தகம் ஒன்று கிடைத்தது. சுமார் 5,000 கணித முடிவுகள், நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. கார் யார் தெரியுமா? பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த டியூஷன் மாஸ்டர்! உலகத்தின் பெரிய மர்மத்துக்கு ஆரம்பம் ஒரு கோனார் நோட்ஸ் மாதிரியான சமாச்சாரம். அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சிலேட்டில் போட்டுப் பார்த்தார். காகிதம் வாங்கக் காசில்லை. துணி தேடி எடுத்துத் துடைக்க நேரமாகும் என்று முழங்கையாலேயே அழிப்பாராம். கோலி ஆடிய விரல் மாதிரி, இவருக்கு முழங்கை.

அப்புறம், அந்தச் சக்தி எல்லா இடத்திலும் வேலை செய்யவில்லை. உடலியல் பரீட்சையில், ஜீரணப் பாடம் எனக்கு ஜீரணமாகவில்லை, மன்னியுங்கள் என்ற அர்த்தத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார் என்று ஒரு கதை உண்டு. அதை விடுங்கள், கணக்கிலேயே சறுக்கியிருக்கிறார். அந்தக் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், ஓர் எண் வரைக்கும் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதைப் பற்றி அவர் சொன்னது தப்பு. அதற்குத் தேவையான சிக்கலெண் சார்புகள் பற்றிய கணிதம் அவருக்கு அப்போது தெரியாது. (அதே கடிதத்தில் வயது சுமார் 23 என்று எழுதியிருக்கிறார். 25 ஆகியிருந்தது. அதையும் நாமகிரித் தாயார் சொல்லியிருக்க மாட்டாள்.)

எனக்கு அந்தத் தப்புதான் பிடித்திருக்கிறது. ஒரு கதாசிரியர் இதை எழுதியிருந்தால் அந்த இடத்தையும் சரியாக்கியிருப்பார், நாமும் நம்பியிருக்க மாட்டோம்.

ஃபாலோ? 1914 மார்ச் 17, இதே துறைமுகத்திலிருந்து நெவாசா என்ற கப்பலில் ஏறினார். கேம்பிரிட்ஜில் ஹார்டியோடு உட்கார்ந்து, நிரூபணம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டார். 1918-ல் இருவரும் சேர்ந்து ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். 4 பஜ்ஜியை எத்தனை விதமாகக் குவியல் போடலாம்? நாலும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், தனித்தனியாக. ஆக 5 விதம். 200 பஜ்ஜி என்றால்? 39,72,99,90,29,388 விதம். அதாவது கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி. மக்மஹோன் என்பவர் இதைத் தனியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். சூத்திரம் கொடுத்த விடை அதோடு பொருந்தியது. காய் நேராகக் குழிக்குள்.

சரி, உங்களுக்கு வேலை: நீங்கள் பார்த்த, படித்த திடீர் சக்தி ஹீரோவில் ஃபாலோ போட்டவர் யார், போடாதவர் யார் என்று கீழே எழுதுங்கள். சித்தப்பா மகனும் படிப்பான், அவனுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. என்னைக் கீழே கூப்பிடுகிறார்கள், போர்டு காலியாகிவிட்டதாம். போன வாரம் நான் விட்ட ரெட் ஒன்று பாக்கி இருக்கிறது.

[கேமரா ஓடிக்கொண்டிருக்க, படி இறங்கும் சத்தம்.]