80 கிலோ டிரம்

வணக்கம் நேயர்களே. வியாபாரத்தில் புள்ளியியல் மென்பொருளும் முன்கணிப்பும் என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். கேட்டதுமே பாதிப் பேர் ஸ்டேஷனை மாற்றியிருப்பீர்கள். மாற்றாமல் இருக்கிறவர்களிடம் நான் இட்லி மாவைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பகலில் எனக்கு இங்கே மும்பையில் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. யாருக்குக் கொடுத்தால் பணம் திரும்பும், யாருக்குக் கொடுத்தால் முழுகும் என்று கணினியை வைத்துக் கணிக்கிற வேலை. தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மாவு அரைத்து விற்கிறார். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் உண்டு, சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்கிற நம் ஆட்களும் அவரிடம்தான் எடுப்பார்கள். ஒரு நாள் மாவு மிஞ்சிப் புளிக்கும், மறுநாள் பத்து மணிக்கே தீர்ந்துபோய் ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டி வரும். "தம்பி, ஆபீசுல என்னமோ நாளைக்கு நடக்கப்போறதச் சொல்லுவீங்களாமே, நாளைக்கு எத்தன கிலோ போகும்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

முதலில் செலவைப் பற்றித்தான் கேட்டார். நியாயமான கேள்வி. புள்ளியியல் கணக்குப் போடுகிற மென்பொருள்களில் பழையவை எஸ்பிஎஸ்எஸ், சாஸ் இரண்டும்; எஸ்பிஎஸ்எஸ் 1968-லும், சாஸை விற்கிற நிறுவனம் 1976-லும் வந்தவை, பெரிய கம்பெனிகள் வருஷா வருஷம் பணம் கட்டித்தான் இந்த மென்பொருள்களை வைத்திருக்கின்றன. ஆனால் நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் எழுதிய ஆர் என்ற மென்பொருள் இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பைத்தான் என்ற நிரல்மொழியும் அப்படித்தான். அதுகூட வேண்டாம், மாவுக் கடைக்கு எக்செல்லே போதும். எனக்குக் கை பழகியது ஆர், அதனால் அதில் போட்டேன்.

அண்ணாச்சியிடம் நாலு மாதக் கணக்கு நோட்டு இருந்தது. இவ்வளவு கொஞ்சம் தரவை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் கொஞ்சத்தை வைத்துக் கணக்குப் போடுகிற வித்தையே ஒரு புளிக்கிற சமாசாரத்திலிருந்துதான் பிறந்தது. அயர்லாந்தில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த கோசெட் என்பவர், விரல்விட்டு எண்ணக்கூடிய சோதனைகளை வைத்து எவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்லலாம் என்று யோசித்து, 1908-ல் ஒரு கட்டுரை எழுதினார். சொந்தப் பெயரில் எழுதாமல் 'ஸ்டூடன்ட்' என்று புனைபெயர் போட்டுக்கொண்டார், அதனால் இன்றைக்கும் அது ஸ்டூடன்ட் டி-சோதனைதான். கல்லூரியில் புள்ளியியல் படித்தவர்கள் அதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். பீர்க்காரருக்கு நடந்தது மாவுக்காரருக்கு நடக்காதா என்று ஒரு தெம்பு.

நோட்டில் இருந்ததையெல்லாம் ஏற்றினேன். கிழமை வாரியாகப் பிரித்துப் பார்த்தால் திங்கள் முதல் சனி வரை மேலும் கீழுமாக ஆடுகிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் 80 கிலோ. அடுத்த ஞாயிறும் 80, அதற்கடுத்ததும் 80. கோடு போட்ட மாதிரி. மென்பொருளுக்கு அதைக் கண்டால் கொண்டாட்டம், ஞாயிறுக்கு 80 கிலோ என்று துளி சந்தேகமில்லாமல் கணித்துவிட்டது. எனக்கும் பெருமை. கொண்டுபோய்க் காட்டினால் அண்ணாச்சி சிரிக்கிறார். "தம்பி, அந்த டிரம்மு அவ்வளவுதான பிடிக்கும்!"

விஷயம் அங்கேதான் இருக்கிறது. நோட்டில் இருந்தது விற்றது. எனக்கு வேண்டியது கேட்டது. டிரம் காலியான பிறகு தூக்குவாளியோடு வந்து திரும்பிப் போனவர்கள் எந்த நோட்டிலும் இல்லை, நோட்டில் இல்லாதவரை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது, அது எத்தனை லட்ச ரூபாய் மென்பொருளாக இருந்தாலும் சரி.

அப்புறம் செய்தது மிகச் சின்ன வேலை. கடைப் பையனிடம் ஒரு அட்டையைக் கொடுத்து, மாவு தீர்ந்த நேரத்தை எழுதச் சொன்னோம், அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு கிழிக்கச் சொன்னோம். முதல் ஞாயிறு ஒன்பதரைக்குத் தீர்ந்தது, அதற்குப் பின் 31 கோடு. அந்த அட்டை சொன்ன அளவுக்கு நாலு மாத நோட்டு சொல்லவில்லை.

அடுத்த சிக்கல் பண்டிகை. போன வருஷம் இதே தேதியில் எவ்வளவு என்று பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம், அது இங்கே காலை வாரிவிடும். விநாயகர் சதுர்த்தி 2023-ல் செப்டம்பர் 19, 2024-ல் செப்டம்பர் 7, 2025-ல் ஆகஸ்ட் 27. அந்த வாரம் கொங்கண் பக்கத்து ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், சைக்கிள்காரர்களுக்கு வியாபாரம் படுத்துவிடும். அதனால் பண்டிகை நாட்களைத் தனிப் பட்டியலாகவே ஏற்ற வேண்டும், பஞ்சாங்கம் மென்பொருளுக்குத் தானாகத் தெரியாது. கனமழை பெய்து லோக்கல் ரயில் நிற்கிற நாளுக்கு மட்டும் நான் கணிப்பே வைக்கவில்லை. முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு சைக்கிள்காரர்களுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும், அதற்கு ஏன் ஆர்?

சரி, கணிப்பு வந்துவிட்டது, அப்படியே அவ்வளவையும் அரைத்துவிடலாமா? கூடாது. ஒரு பேச்சுக்கு, கிலோவுக்கு அடக்கம் 35 ரூபாய், விலை 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பற்றாமல் போனால் 20 ரூபாய் லாபம் போச்சு. மிஞ்சினால், புளித்த மாவை ஊத்தப்பத்துக்கு ஒரு மெஸ்காரர் 20-க்கு எடுத்துக்கொள்வார், நஷ்டம் 15. போன லாபம் இருபதை, அந்த இருபதும் நஷ்டம் பதினைந்தும் சேர்ந்த முப்பத்தைந்தால் வகுத்தால் ஏழில் நாலு. அதாவது வாரத்தில் நாலு நாள் மாவு போதும், மூணு நாள் தீர்ந்துபோகும் என்கிற அளவுக்கு அரைப்பதுதான் லாபம். மெஸ்காரர் இல்லை, மிஞ்சியது சாக்கடைக்குத்தான் என்றால் நஷ்டம் 35 ஆகிவிடும், அப்போது இருபதை ஐம்பத்தைந்தால் வகுக்க வேண்டும், வாரத்தில் இரண்டரை நாள் போதுமாக இருந்தால் சரி. கணிப்பு மாறவே இல்லை பாருங்கள், மெஸ்காரர் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதில் முடிவு மாறிவிடுகிறது. தினமும் எல்லோருக்கும் கிடைக்கிற மாதிரி அரைப்பவர் தாராளமனசுக்காரர், கணக்குக்காரர் இல்லை.

டிரம் விவகாரத்துக்குப் பிறகு என் ஆபீஸ் வேலையே எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. கடன் வாங்கியவர்கள் கட்டினார்களா இல்லையா என்பது எங்களிடம் உண்டு, அதை வைத்துத்தான் கணிக்கிறோம். கேட்டுக் கிடைக்காமல் போனவர் வாங்கியிருந்தால் ஒழுங்காகக் கட்டியிருப்பாரா? தெரியாது, கொடுக்கவே இல்லையே. அவரும் தூக்குவாளியோடு திரும்பிப் போனவர்தான். மீட்டிங்கில் இதைச் சொன்னேன், உதாரணத்துக்கு மாவு டிரம்மையும் சொன்னேன், கொஞ்சம் சிரித்தார்கள், அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

அண்ணாச்சி இரண்டாவது டிரம் வாங்கிவிட்டார். போன ஞாயிறு 104 கிலோ அரைக்கலாம் என்று சொல்லியிருந்தேன். பதினோரு மணிக்கு போன் வந்தது. "தம்பி, ஒங்க கம்ப்யூட்டர் ஆறு கிலோ மிச்சம் வச்சிருக்கு. மெஸ்காரர் ஊருக்குப் போயிருக்காரு. தங்கச்சிகிட்ட பெரிய பாத்திரமா ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லுங்க, பையன் வாரான்." செவ்வாய் வரைக்கும் எங்கள் வீட்டில் ஊத்தப்பம்தான்.