ரேந்தைக் காசு

அன்பான நேயர்களே, வணக்கம்.

நம்ம குமரி மாவட்டத்தில் மிஷனரி என்றதும் 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே ஐயர் நினைவுக்கு வருவார். அப்புறம் மீட் ஐயர், மால்ட் ஐயர். பாதிரியாரை நம்மூரில் ஐயர் என்பார்கள்; எல்லாம் ஐயர்மார்தான். இன்று நான் பேச வந்தது அம்மாமாரைப் பற்றி.

1819 கடைசியில் சார்லஸ் மால்ட் நாகர்கோவிலுக்கு வந்தபோது அவர் மனைவி மார்த்தாவும் கூடவே வந்தார். பெண்பிள்ளைகளைச் சேர்த்து விடுதியோடு பள்ளி நடத்தினார். எழுத்தும் வாசிப்பும் கற்ற பிள்ளைகள் ரேந்தையும் பின்னினார்கள். இப்போது லேஸ் என்கிறோமே, அதுதான். தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். கை பழகுவதற்குள் பொறுமை போய்விடும். ஓர் இழை தவறினாலும் பூ கெட்டுவிடும்.

திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் முற்றாக ஒழிந்தது. அதற்கு முன்பே, ரேந்தை பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். பிறர் இரக்கப்பட்டுக் கொடுத்த விடுதலை இல்லை அது. சொந்த விரல் உழைத்து வாங்கியது.

மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டக் காலத்தில் நம் பெண்கள் அணிந்த குப்பாயம் என்ற மேல்சட்டைக்குப் பின்னாலும் மிஷனரிகளின் மனைவிமார் இருந்தார்கள்.

மார்த்தாவின் மகள் எலைசா நாகர்கோவிலிலேயே பிறந்தவர். தமிழ் அவருக்குச் சிறு வயதிலேயே வாய்த்த மொழி. 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். அங்கேயும் பெண்களுக்குப் பள்ளி, அங்கேயும் ரேந்தை. அவரைக் கால்டுவெல்லின் மனைவி என்று மட்டுமே நாம் சொல்லிப் பழகியது எனக்கு வருத்தம்தான்.

சரி, இவர்களுக்காவது பெயர் இருக்கிறது. வேதப்புத்தகமும் கையுமாக வீடு வீடாக நடந்த நம்மூர் பைபிள் வுமன்களுக்கு? ஆண்கள் நுழைய முடியாத உள்கட்டு வரை போய், அடுப்படியில் உட்கார்ந்து எழுத்தும் சொல்லிக் கொடுத்து, ஜெபமும் செய்தவர்கள் அவர்கள். மிஷன் அறிக்கைகளில் பலர் வெறும் எண்ணிக்கையாகத்தான் நிற்கிறார்கள்.

உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பாட்டி இருந்திருந்தால், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எந்தச் சபை, எந்தெந்த ஊருக்கு நடந்தார், என்ன பெயர். பெயரை முதலில் எழுதுங்கள்.

வணக்கம்.