மேட்டில் நின்றுபோகும் ஜீப்: டீசல் டேங்க் முதல் எஞ்சின் வரை

நேயர்களுக்கு வணக்கம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் கற்பாதையில் ஜீப்பில் ஏறியவர்களுக்கு அந்த ஏற்றமும் குலுக்கலும் மறந்திருக்காது. போடியில் விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப்புகளும் தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் இப்படிப்பட்ட பாதைகளில்தான் ஓடுகின்றன. அத்தகைய பழைய டீசல் ஜீப்புகளைப் பல ஆண்டுகளாகப் பழுது பார்த்து வருபவன் நான். டேங்கிலிருந்து எஞ்சினுக்கு டீசல் தடையின்றிப் போய்ச் சேர என்னென்ன மாற்றங்கள் செய்யலாம் என்று இன்று சொல்ல விரும்புகிறேன்.

மேட்டில் வண்டி நின்றுவிட்டால் ஓட்டுநர்கள் முதலில் பம்பைத்தான் சந்தேகிப்பார்கள். டேங்குக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 60 செ.மீ. நீளமுள்ள ஒரு டேங்கில் 6 செ.மீ. உயரத்துக்கு டீசல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 டிகிரி ஏற்றத்தில் அந்த டீசல் முழுவதும் பின்பக்கம் சாய்ந்து, முன்பக்கம் சுமார் 15 செ.மீ. தரை காய்ந்துவிடும். ஏற்றம் 30 டிகிரியானால் 25 செ.மீ. காய்ந்துவிடும். டீசல் 3 செ.மீ. அளவுக்கு இறங்கியிருந்தால், அதே ஏற்றத்தில் டேங்கின் நடுவிலுள்ள உறிஞ்சு குழாய்கூடக் காற்றைத்தான் இழுக்கும். இத்தனைக்கும் இது வண்டி அசையாமல் நிற்கும்போது வரும் கணக்கு. கற்களில் குலுங்கும்போது நிலைமை இன்னும் மோசமாகும்.

டீசல் போகும் குழாய்க்குள் காற்று புகுந்தால், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குப் போக வேண்டிய அழுத்தம் ஏறாது. பிறகு ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமர் எனும் கைப்பம்பை அழுத்தி அழுத்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். பத்துப் பேர் வண்டியில் காத்திருக்க, சரிவில் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு இந்த வேலையைச் செய்வது எவ்வளவு சிரமம் என்பது ஓட்டுநருக்குத்தான் தெரியும்.

டேங்குக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகள் வைத்தால் அலைவு ஓரளவு குறையும். ஆனால் அதற்கு டேங்கை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். காலியான டேங்கில் தங்கும் ஆவி வெடிக்கக்கூடியது. டீசல் டேங்க்தானே என்று அலட்சியமாக இருக்கவே கூடாது. முறையாகக் கழுவி, ஆவி நீக்கத் தெரிந்தவரிடம் மட்டுமே அந்த வேலையைக் கொடுங்கள்.

நான் பரிந்துரைப்பது சர்ஜ் டேங்க் எனப்படும் சிறு டேங்கைத்தான். இரண்டு லிட்டர் பிடிக்கும், குறுகலான, உயரமான கலன் அது. பெரிய டேங்கின் அருகே தாழ்வாக வைத்த ஒரு மின்பம்ப் அதை எப்போதும் நிரப்பிக்கொண்டே இருக்கும். மிகுந்த டீசலும் காற்றும் மேல்வாய் வழியாகப் பெரிய டேங்குக்கே திரும்பிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் அதன் அடியிலிருந்து கிளம்புவதால், பெரிய டேங்கில் சில நிமிடங்கள் காற்று இழுத்தாலும் எஞ்சினுக்கு அது தெரியாது. இன்ஜெக்டரில் மிஞ்சிய டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனையும் இந்தச் சிறு டேங்குக்கே திருப்பிவிட்டால், எஞ்சின் எரிக்கும் அளவு மட்டுமே அதில் குறையும். சைலன்ஸர் குழாயின் வெப்பம் படாத இடத்தில், எஞ்சினுக்கு டீசலை அனுப்பும் ஃபீட் பம்புக்கு மேலே இதைப் பொருத்தி, அடியில் ஒரு அடைப்புத் திருகும் வைக்க வேண்டும்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, டீசல் இழுக்கப்படாமல் தள்ளப்படுகிறது என்பது. இழுக்கும் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால் அது காற்றை உள்ளே வாங்குமே தவிர, எஞ்சின் ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே கசியாது. மூன்று முறை ஒரே குறையோடு என்னிடம் வந்த ஒரு வண்டியில் எங்கும் ஈரமே தென்படவில்லை. ஃபில்டருக்கு முன்னால் ஓர் அடி நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் சேர்த்துப் பார்த்தேன். கடுகு கோத்ததுபோல் குமிழிகள் வரிசையாக ஓடின. ஹோஸ் கிளிப்பை அளவுக்கு மீறி இறுக்கியதில் ரப்பர் குழாய் வெட்டுப்பட்டிருந்தது. தள்ளும் குழாயாக இருந்திருந்தால், கசிந்த டீசலே முதல் நாளில் இடத்தைக் காட்டியிருக்கும்.

அதே காரணத்தால் மின்பம்பில் ஓர் ஆபத்தும் உண்டு. வண்டி கவிழ்ந்து குழாய் அறுந்தாலும் பம்ப் டீசலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே எஞ்சின் நின்று ஆயில் அழுத்தம் இறங்கியவுடன் பம்ப் நிற்கும்படி ஒரு ஸ்விட்சும் ரிலேவும் கட்டாயம் வேண்டும்.

டேங்கின் காற்றுத்துளையைச் சேறு அடைத்துக்கொள்வதும் அடிக்கடி நடப்பதுதான். நன்றாக ஓடிய வண்டி அரை மணி நேரத்தில் திணறி நின்று, மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்ற சத்தத்தோடு காற்று உள்ளே போனால் குறை அங்கேதான். அந்தத் துளையிலிருந்து ஒரு குழாயை உயரே கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள். புது டேங்க் செய்வதாக இருந்தால் துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம். டீசலோடு வினைபுரிந்து ஃபில்டரை அடைக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் பிரிப்பானைத் தினமும் காலையில் திறந்து வடித்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தத் தடை விதிக்கிறது. எனவே எந்த மாற்றத்துக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் கால் டேங்க் டீசலோடு வண்டியைச் சரிவில் மூக்கு மேலாக ஒரு முறை, மூக்குக் கீழாக ஒரு முறை நிறுத்தி, இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, அந்தக் கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு குமிழிகூட ஓடவில்லை என்று உறுதியான பிறகே ஆட்களை ஏற்ற வண்டியைக் கொடுப்பேன். வணக்கம்.